தட்டும் கொடியும்

கொங்கு நாட்டில் மானாவாரி நிலத்தைக் காடு என்பர். அக்காட்டில் தீவனத்திற்கெனச் சோளம் விதைப்போர், விதையோடு தட்டைப்பயற்றையும் கலந்து தூவுவதுண்டு. நெடிதோங்கும் சோளத்தட்டைப் பற்றிப் பயற்றங்கொடி ஏறும். காற்றின் தழைச்சத்தைப் பயறு பிடித்துப் பக்கத்துச் சோளத்திற்கு ஊட்டுகிறது என்பதே இக்கூட்டுக்குப் பலரும் சொல்லும் விளக்கம். கேட்க இனிதுதான், ஆனால், அது பாதி உண்மையே.

செருமனியின் பெர்ன்பர்க்கில் எல்ரீகல் என்னும் அறிஞர், கூலங்களையும் பயறுகளையும் மணல் தொட்டிகளில் வளர்த்துப் பார்த்தார். கூலப்பயிர் இட்ட தழைச்சத்தின் அளவுக்கே வளர்ந்தது. பட்டாணியோ தழைச்சத்து இடாத மணலிலும் செழித்தது. ஆயினும், மணலைச் சுட்டு நுண்ணுயிர்களை அழித்தால் அதுவும் நலிந்தது. வேர் முடிச்சில் குடியிருக்கும் நுண்ணுயிரே காற்றின் தழைச்சத்தைப் பிடித்துத் தருகிறது என்று 1886இல் அவர் அறிவித்தார். முடிச்சு ஒன்றைக் கீறிப் பாருங்கள். உள்ளே செந்நிறமாயிருந்தால் உழைப்பு நடக்கிறது என்று பொருள்.

அவ்வுழைப்பின் பயன் பெரும்பாலும் பயற்றின் உடம்பிலேயே தங்கிவிடுகிறது. வேரும் முடிச்சும் உதிர்ந்து மட்கினால்தான் அயலாருக்குப் பங்கு. இரண்டு மாத அளவில் அறுபடும் தீவனப் பயிரில் அதற்கு நேரமேது? உண்மையான ஆதாயம் வேறிடத்தில் இருக்கிறது. சோளத்தின் சல்லிவேர் மண்ணிலுள்ள தழைச்சத்தை விரைந்து உறிஞ்சுகிறது. மண்ணில் அது கிடைக்காமல் பயறு காற்றை நாடுகிறது. இரண்டும் ஒரே கலத்தில் உண்ணாமையால் பூசல் குறைகிறது. இடையில் உழவர் தழைச்சத்து உரத்தை அள்ளி இட்டால் முடிச்சுகள் சோம்பும். சோளம் கொழுத்து நிழல் கவித்துக் கொடியை அமுக்கும்.

தீவனப் பயிரை அடியோடு அறுத்துச் செல்கிறோம் என்பதையும் மறத்தலாகாது. பயற்றில் சேர்ந்த சத்து மாட்டுத் தொழுவத்திற்குப் போகிறது. எருவாகத் திரும்பினாலன்றி நிலத்திற்கு மிச்சம் சொற்பமே.

ஆகவே, இக்கூட்டின் முழுப்பயனை மாட்டின் பெருவயிற்றில்தான் காண வேண்டும். அங்கு நாரைச் செரிப்பவை நுண்ணுயிர்கள். தீவனத்தின் உலர் எடையில் புரதம் ஏறத்தாழ 7 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கினால் அவை தளர்கின்றன. மாடும் குறைவாகவே தின்கிறது. முற்றிய சோளத்தட்டு பெரும்பாலும் அவ்வெல்லையை எட்டுவதில்லை. பயற்றின் தழை அக்குறையை நிரப்புகிறது. சோளம் மாவுச்சத்தையும் நாரையும் தருகிறது. பசும் பயற்றுக்கொடியை மட்டுமே வயிறு நிறையத் தின்னும் மாட்டுக்கு வயிற்றுப்புசம் வரக்கூடும்.

ஒன்றில் மட்டும் பயற்றை நம்பலாகாது. இளஞ்சோளத்திலும் வறட்சியில் வாடிய சோளத்திலும் உள்ள ஒரு பொருள், தின்னும்போது சிதைந்து ஐதரசன் சயனைடு என்னும் நஞ்சை விடுவிக்கும். கொடி கலந்திருப்பதால் நஞ்சு முறிந்துவிடாது. பூக்கும்வரை பொறுத்து அறுப்பதே காப்பு. அதற்குள் பயறு காய்பிடித்துவிடலாம்; பிடிக்கட்டும், மாட்டுக்கு அது இழப்பன்று.

அறுத்ததை அப்படியே போட்டால் மாடு தழையைப் பொறுக்கித் தின்று தட்டைத் தள்ளிவிடும். கொடியும் தட்டும் பிரியாதபடி ஒன்றாக நறுக்கிப் போட வேண்டும்.