கியர்பொக்ஸைத் திறக்கும் முன்

1990களில் வன்னிக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டிருந்தது. மொறிஸ் மைனரும் ஒஸ்ரின் கேம்பிறிட்ஜும் மண்ணெண்ணெயில் ஓடின. சிறு போத்தலில் பொத்தி வைத்திருந்த பெற்றோலில் சில துளியைக் கார்பரேற்றரில் விட்டு எஞ்சினை எழுப்புவார்கள். சூடேறியதும் மண்ணெண்ணெயில் ஓட விடுவார்கள். கழற்றினால் திரும்பப் போடச் சாமான் கிடைக்குமா என்று தெரியாத காலம். பழுதைக் காதால் கேட்டுப் பிடிப்பது அன்று தொழிலின் பாதி.

அந்த மொறிஸ் மைனரின் முதலாம் கியரில், பற்கள் சேருமுன் வேகத்தைச் சமன்செய்யும் சின்க்ரோ கிடையாது. உருண்டுகொண்டிருக்கும் வண்டியில் முதலாம் கியரைப் போட்டால் பற்கள் கறகறவென்று உராயும். அது பழுதல்ல, அந்தக் காரின் அமைப்பே அப்படி. இன்றைய கார்கள் பலவற்றிலும் ரிவர்ஸ் கியரின் பற்கள் நேராக வெட்டப்பட்டவை, அதனால் பின்னுக்கு எடுக்கும்போது ஓர் ஊளைச் சத்தம் எழும். அதற்காகக் கராஜுக்கு ஓடத் தேவையில்லை.

எல்லாச் சத்தமும் அப்படிப்பட்டதல்ல. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தது. அந்த இடைவெளியில் வயதான வண்டிகளே ஓடின, இன்னும் ஓடுகின்றன. நல்ல நிலையிலுள்ள பழைய கியர்பொக்ஸ் ஒன்றுக்குக் கொழும்பு பஞ்சிகாவத்தை வரை தேட வேண்டியிருக்கும்போது, தவறாகக் கணித்துப் பெட்டியைப் பிரிப்பது வீண் நட்டம்.

சத்தம் எப்படி இருக்கிறது என்று விவரிக்கவே பலர் முயல்கிறார்கள். எப்போது வருகிறது என்று சொன்னால்தான் மெக்கானிக்குக்கு வழி பிறக்கும். வண்டியை நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டு, நியூட்றலில் வைத்துக் கேளுங்கள். கிளச்சிலிருந்து காலை எடுத்திருக்கும்போது கியர்பொக்ஸின் உள்வாங்கும் தண்டு சுழன்றுகொண்டிருக்கும். அப்போது வரும் இரைச்சல் கிளச்சை மிதித்ததும் அடங்கினால், அந்தத் தண்டின் பெயரிங்கைச் சந்தேகிக்கலாம். மிதித்ததும்தான் தொடங்குகிறது என்றால் ரிலீஸ் பெயரிங். இது பெட்டிக்கு வெளியே இருப்பது. பெட்டியை இறக்க வேண்டுமே தவிரப் பிரிக்க வேண்டியதில்லை. செலவில் பெரிய வித்தியாசம். இறக்கியது இறக்கியபடி கிளச் பிளேற்றையும் பார்த்துவிடுவது புத்திசாலித்தனம்.

கியர் மாற்றும்போது கறகறப்பதற்கும் இப்படி ஒரு சோதனை உண்டு. எஞ்சின் நின்றிருக்கும்போது எல்லாக் கியரும் இலகுவாக விழுந்து, ஓடும்போது மட்டும் எல்லாமே முரண்டு பிடித்தால் கிளச் முழுதாக விடுபடவில்லை. கேபிளை இறுக்குவதோ, கிளச் ஒயிலில் புகுந்த காற்றை வெளியேற்றுவதோ போதுமாக இருக்கலாம். இரண்டாம் கியர் மட்டும் கறகறத்தால் அதன் பித்தளை சின்க்ரோ வளையம் தேய்ந்திருக்க வாய்ப்புண்டு.

ஹயஸ் வான் போன்ற பின்சில்லு ஓட்ட வண்டிகளில் வழக்கமாக நாலாம் கியர் நேரடியானது. எஞ்சினின் விசை, மற்றக் கியர்களுக்கு அதைக் கடத்தும் பக்கத்தண்டைச் சுற்றாமல் நேரே கடந்துபோகிறது. மற்றக் கியர்களில் இரைந்து, நாலாம் கியரில் அமைதியாகும் வண்டியில் பக்கத்தண்டின் பெயரிங்கைத்தான் முதலில் நினைக்க வேண்டும்.

எந்தக் கியரிலும், நியூட்றலில் உருளும்போதும், வேகத்தோடு கூடிவரும் ஹூம் ஒலி பெரும்பாலும் சில்லுப் பெயரிங்கிலிருந்து வருவது. வாகனமில்லாத நேரான தெருவில் மெதுவாக இடமும் வலமும் வளைத்துப் பார்த்தால், ஒரு பக்கம் திரும்பும்போது மட்டும் ஒலி உயரும். வலப்பக்கம் திரும்புகையில் உயர்ந்தால் பாரம் ஏறும் இடச்சில்லைப் பாருங்கள். முன்சில்லு ஓட்டக் கார் முழுதாய்த் திரும்பும்போது ‘டக் டக்’ என்றால் அது சி.வி. ஜொயின்ற், கியர்பொக்ஸுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

வன்னியில் கவனிக்க வேண்டிய பெரிய எதிரி வெள்ளம். 2018 டிசெம்பரில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்டபோது கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் மூழ்கின. 2025 நவம்பரில் டிட்வா புயலும் வெள்ளத்தோடு வந்தது. நந்திக்கடலோரத்து வட்டுவாகல் பாலத்தில் மாரியில் தண்ணீர் மேலால் பாயும், அதுவும் உவர்நீர். ஓடிச் சூடான கியர்பொக்ஸ் குளிர்ந்த நீரில் இறங்கும்போது உள்ளிருக்கும் காற்று சுருங்குகிறது. சுருங்கிய இடத்தை நிரப்பக் காற்றுக்குழாய் வழியாகவும் தேய்ந்த சீல் வழியாகவும் தண்ணீர் உள்ளே இழுபடும். ஒயில் பால்தேத்தண்ணி நிறமாகிவிடும். பெயரிங் குண்டுகளில் துரு பிடிக்கும். இரைச்சலோ மாசி, பங்குனியில்தான் கேட்கும். மார்கழியில் கடந்த வெள்ளத்தை அதற்குள் எல்லோரும் மறந்திருப்பார்கள். சில்லின் அச்சளவு தண்ணீரைக் கடந்த வண்டியில் ஒயிலைத் திறந்து பார்த்து, நிறம் மாறியிருந்தால் உடனே மாற்றிவிட்டால் ஒரு கியர்பொக்ஸ் தப்பும்.

வடித்த ஒயிலையும் வீசுமுன் பாருங்கள். காந்தம் பொருத்திய நட்டில் சாம்பல்நிறப் பசை படிந்திருப்பது சாதாரணத் தேய்மானம். விரலில் தட்டுப்படும் இரும்புத் துண்டு பல்லோ பெயரிங்கோ உடைந்ததைச் சொல்கிறது, மஞ்சள் மினுக்கம் சின்க்ரோவைச் சொல்கிறது. ஜி.எல்.-5 ரக ஒயிலில் உள்ள கந்தகச் சேர்மானம் சில பழைய பெட்டிகளின் பித்தளையை அரிக்கக்கூடியது; வண்டியின் கைநூலில் ஜி.எல்.-4 என்று போட்டிருந்தால் கடைக்காரர் எடுத்துத்தரும் போத்தலைத் திருப்பிப் படித்துப் பார்ப்பது நல்லது.

ஜப்பானிலிருந்து வந்த வாகன் ஆர் போன்ற கார்களில் இருக்கும் சி.வி.ரி. வேறு இனம். கூம்பு முகமுள்ள இரண்டு கப்பிகளுக்கிடையே உருக்குப் பட்டியொன்று ஏறியிறங்கி வேகத்தை மாற்றுகிறது. அதற்கென்றே உள்ள திரவத்தை விட்டு, சாதாரண ஓட்டோ கியர் ஒயிலை ஊற்றினால் பட்டி வழுக்கி, கார் நடுங்கி இரையத் தொடங்கும். ‘டி’யில் போட்டபின் தாமதித்து நகர்ந்து, கூடவே சிணுங்கினால் திரவம் குறைந்து பம்ப் காற்றை இழுக்கிறதா என்று பார்க்க வேண்டும். எஞ்சின் நின்றால் அந்தப் பம்பும் நின்றுவிடும், உள்ளே உயவு இருக்காது. ஆகவே மாங்குளத்தில் நின்றுபோன இத்தகைய காரை வவுனியாவுக்குக் கொண்டுபோவதென்றால் கயிறு கட்டி இழுக்கக் கூடாது. முன்சில்லுகளைத் தூக்கியோ, முழுக் காரையும் லொறியில் ஏற்றியோதான் கொண்டுபோக வேண்டும்.