வளைக்கரங்களில் ஸ்பானர்!

காலை எட்டு மணி. ஒரு தோளில் குழந்தையின் பை, மறு தோளில் கைப்பை, ஸ்கூட்டரின் முன்னால் நின்றபடி ஐந்து வயது மகன். நம்மில் எத்தனையோ பேருடைய காலைப்பொழுது இப்படித்தான் ஓடுகிறது. என்னுடையதும் அப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது, மேம்பாலத்து இறக்கத்தில் அந்தப் பஸ் திடீரென்று நிற்கும் வரை!

இடது கைப் பிரேக்கைப் பிடித்தேன். அது முழுவதும் உள்ளே வந்து கைப்பிடியோடு ஒட்டிக்கொண்டது. வண்டியோ நிற்கிற வழியாக இல்லை. பதறிப் போய் வலது கைப் பிரேக்கையும் பிடித்தேன். பஸ்ஸுக்கும் எங்களுக்கும் ஒரு முழம் இருக்கும்போது வண்டி நின்றது. பையன் சிரித்தான். எனக்குக் கால் நடுங்கியது.

இதில் வேடிக்கை என்னவென்றால், வண்டி சர்வீஸிலிருந்து வந்து நாலே நாள்தான் ஆகியிருந்தது. ரசீதில் பிரேக்குக்கு நேராக 'சரி' என்று அடையாளம் போட்டிருந்தார்கள். வண்டியும் பளபளவென்றுதான் இருந்தது!

மாலையில் தெருமுனைப் பூக்கார அக்காவிடம் இந்தக் கதையைச் சொன்னேன். தினமும் விடிகாலையில் தன் டி.வி.எஸ். வண்டியில் மார்க்கெட்டுக்குப் போய்ப் பூ மூட்டை கட்டி வருகிறவர் அவர். குனிந்து என் வண்டியின் பின் சக்கரத்தைப் பார்த்தார்.

"ஒண்ணுமில்லேம்மா, இந்த நட்டுதான் தளர்ந்து கிடக்கு" என்று விரலாலேயே சில முறுக்கு முறுக்கினார். பிரேக் சிக்கென்று பிடித்தது!

"உங்களுக்கு யாருக்கா இதெல்லாம் சொல்லிக் கொடுத்தா?"

"யாரு சொல்லித் தருவா? வழியில வண்டி நின்னா அன்னிக்குப் பூ வாடிப் போயிரும். பயத்துல கத்துக்கிட்டதுதான்."

அந்தப் பயம் இப்போது எனக்கும் இருந்தது. எங்கள் தெருவில் ஸ்கூட்டர் ஓட்டும் ஐந்து பேர் சேர்ந்தோம். ஒரு டீச்சர், ஒரு பாங்க் ஊழியர், 2018ல் அரசு தந்த பாதி விலை மானியத்தில் வண்டி வாங்கிய ஒரு நர்ஸ், எதிர் வீட்டு மாமி, நான். அக்காதான் வாத்தியார். ஞாயிறு காலை, பழைய பாயை விரித்து உட்கார்ந்தோம்.

"பொம்பளைங்க ஸ்பானரைத் தூக்கிட்டாங்கப்பா!" என்று வாக்கிங் போன ஒருவர் கேலி செய்தார். டீச்சர் விடுவாரா? "1945ல், இங்கிலாந்து இளவரசியா இருந்தப்பவே எலிசபெத் ராணி ராணுவத்துல சேர்ந்து சக்கரம் கழட்டிப் போடக் கத்துக்கிட்டாங்க சார்!" என்றார். அவர் நடையைக் கட்டினார்.

முதல் பாடம்: பிரேக்

வண்டியைப் பெரிய ஸ்டாண்டில் நிறுத்தி, சாவியை எடுத்துவிடுங்கள். பிரேக் பிடியின் நுனியில் ஸ்கேலை வைத்து, மெதுவாக இழுத்துப் பாருங்கள். பிரேக் பிடிக்கத் தொடங்குமுன் அது எவ்வளவு தூரம் சும்மா வருகிறது? எவ்வளவு இருக்கலாம் என்பது வண்டியோடு வந்த புத்தகத்தில் இருக்கும். (அந்தப் புத்தகத்தை நாங்கள் யாருமே அதுவரை பிரித்ததில்லை!) என் வண்டிக்கு 20 முதல் 30 மில்லி மீட்டர். அதற்கு மேல் வந்தால், பின் சக்கரத்தருகே பிரேக் கம்பி முடியும் இடத்தில் உள்ள நட்டை வலப்புறமாக அரை அரைச் சுற்றாக முறுக்க வேண்டும். பிறகு சக்கரத்தைக் கையால் சுற்றிப் பாருங்கள். உரசாமல் சுற்ற வேண்டும். 'நல்லாப் பிடிக்கட்டுமே' என்று அதிகம் முறுக்கினால் பிரேக் உரசி உரசிச் சூடாகிவிடும்.

அந்த நட்டின் பக்கத்திலேயே பல வண்டிகளில் ஒரு சின்ன அம்புக்குறி இருக்கும். பிரேக்கை முழுக்கப் பிடிக்கும்போது அது எதிரில் உள்ள கோட்டைத் தொட்டால், உள்ளே பிரேக் ஷூ தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். முறுக்கிப் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும்.

2019 ஏப்ரலிலிருந்து வந்த ஸ்கூட்டர்களில் பெரும்பாலும் இடது பிரேக்கே இரண்டு சக்கரங்களையும் சேர்த்துப் பிடிக்கும். அவற்றை மெக்கானிக்கிடம் ஒரு முறை கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே தொடுங்கள்.

காற்றும் ஆயிலும்

டயரை விரலால் அமுக்கிப் பார்த்து 'காற்று இருக்கிறது' என்று சொல்வதெல்லாம் வெறும் ஊகம். என் வண்டிக்கு முன்னால் 22, பின்னால் 29. பின்னால் ஆள் உட்கார்ந்தால் 36. உங்கள் வண்டிக்கு எவ்வளவு என்று புத்தகத்தில் பாருங்கள். டயர் சூடாவதற்கு முன், காலையிலேயே பார்ப்பது நல்லது.

ஆயில் பார்க்க வண்டி சமதரையில் நிற்க வேண்டும். அளவுக் குச்சியை எடுத்துத் துடைத்து, மறுபடி விட்டு எடுங்கள். ஆயில் இரண்டு கோடுகளுக்கு நடுவில் இருக்க வேண்டும். ரசம் கொதிக்கும் வாசனையை வைத்தே உப்புக் குறைவு என்று சொல்கிற எதிர் வீட்டு மாமிக்கு, இந்தக் குச்சி இரண்டே வாரத்தில் பழகிவிட்டது.

கைக்கும் மூச்சுக்கும் காவல்

பிரேக் பகுதியில் படிந்திருக்கும் தூசியை வாயால் ஊதக் கூடாது. அது நுரையீரலுக்குக் கெடுதல். ஈரத் துணியால் துடைத்துவிடுங்கள். கதவடைத்த ஷெட்டில் எஞ்சினை ஓட விடாதீர்கள். அந்தப் புகையில் மணமே இல்லாத நச்சு வாயு, கார்பன் மோனாக்ஸைடு, உண்டு. பழைய எஞ்சின் ஆயில் தோலுக்கு ஆகாது, கையுறை போடுங்கள். கையில் கிரீஸ் ஒட்டினால் முதலில் தேங்காய் எண்ணெய் தேய்த்துத் துடைத்து, பிறகு சோப்புப் போட்டுக் கழுவினால் சுலபமாகப் போகும். வேலை செய்யும்போது வளையல், மோதிரம், தொங்கும் துப்பட்டா மூன்றும் வேண்டாம்.

எது நம் வேலை இல்லை?

அக்கா முதல் நாளே சொன்ன வார்த்தை இது: "கழட்டினதை மாட்டத் தெரியாட்டி, கழட்டாதீங்க." ஆகவே பிரேக் ஷூ மாற்றுவதும், எஞ்சினுக்குள் கை வைப்பதும், 2020க்குப் பின் வந்த வண்டிகளின் பெட்ரோல் இஞ்செக்‌ஷன் சமாசாரமும் மெக்கானிக் வேலை. ஆனால் அவரிடம் பேசும் விதம் மாறிவிட்டது. போன மாதம் நர்ஸ் தன் வண்டியில் அம்பு கோட்டைத் தொட்டதைப் பார்த்துவிட்டாள். நேரே போய், "ஷூ தேஞ்சிருச்சு, மாத்துங்க. பழசை எங்கிட்ட குடுங்க" என்றாள். மெக்கானிக் ஒரு நிமிஷம் அவளைப் பார்த்துவிட்டு, தாமே ஸ்டூலை எடுத்துப் போட்டாராம்!

எனக்குக் கிடைத்த பாடம் இன்னொன்றும் உண்டு. அன்றிலிருந்து பையனை முன்னால் நிற்க வைப்பதில்லை. தலைக் கவசத்தோடு பின்னால்தான். ஒன்பது மாதத்திலிருந்து நான்கு வயது வரையுள்ள குழந்தையானால், ஓட்டுபவரோடு சேர்த்துக் கட்டும் பாதுகாப்பு வாரும் தலைக் கவசமும் வேண்டும், வேகம் 40 கிலோ மீட்டரைத் தாண்டக் கூடாது என்று 2023 பிப்ரவரியிலிருந்தே விதி இருக்கிறது. இளம் தாய்மார்கள் கவனிக்க!

நீங்களும் உங்கள் தெருவில் நாலு பேரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். தனியாகச் செய்தால் 'நாளைக்குப் பார்த்துக்கலாம்' என்று தள்ளிப் போகும். கூட்டமாக உட்கார்ந்தால் ஒருத்தி மறந்ததை இன்னொருத்தி நினைவுபடுத்துவாள். வாரம் கால் மணி நேரம் போதும்.

எங்கள் வீட்டில் நினைவுபடுத்தவும் ஆள் இருக்கிறது. தினமும் கிளம்பும்போது பின் ஸீட்டிலிருந்து ஒரு குரல் கேட்கும்.

"அம்மா, பிரேக் பாத்தியா?"