நெல்லிச் சாற்றின் எண்: அளப்பது எது, விற்பது எது?

புதுதில்லி: மூலிகைச் சாறுகளில் உள்ள ஆக்சிஜனேற்றத் தடுப்பான்களை (ஆன்டி ஆக்ஸிடன்ட்) அளக்கும் முறைகள் துல்லியமடைந்துள்ளன. ஆனால், சோதனைக் குழாயில் கிடைத்த எண்ணை நோய் தீர்க்கும் வாக்குறுதியாக மாற்றும் மருந்து விளம்பரங்களுக்கு முன் அனுமதி கோரிய விதி நீக்கப்பட்டுவிட்டது. ஆய்வகத்துக்கும் கடைக்கும் இடையிலான இந்த இடைவெளியை யார் காவல் காப்பது என்பதே இப்போதைய கேள்வி.

பெங்களூருக்குத் தெற்கே, தமிழகத்தின் ஓசூரை ஒட்டியுள்ளது ஆனேக்கல் வட்டம். பொம்மசந்திரா, ஜிகனி, அத்திப்பள்ளி, வீரசந்திரா தொழிற்பேட்டைகள் இவ்வட்டத்தில் உள்ளன. வீரசந்திராவில் இயங்கும் நேச்சுரல் ரெமெடீஸ் நிறுவனம் மூலிகைச் சாறுகளுடன், ஆய்வகங்கள் ஒப்பிட்டுப் பார்ப்பதற்கான தூய தாவரச் சேர்மங்களையும் தயாரிக்கிறது. தராசுக்கு எடைக்கல் எப்படியோ, மூலிகை ஆய்வுக்கு இச்சேர்மங்கள் அப்படி. ஒரு சாற்றில் காலிக் அமிலம் எவ்வளவு என்று கூற, ஐயத்துக்கு இடமில்லாத காலிக் அமிலம் முதலில் கையில் இருக்க வேண்டும்.

நிறம் மாறும் சோதனை: பரவலாகக் கையாளப்படும் முறை எளியது. டி.பி.பி.எச். எனப்படும் ஊதா நிறக் கரைசலில் மூலிகைச் சாற்றைச் சேர்த்தால், தடுப்பான்களின் செயலால் ஊதா மங்கி மஞ்சளாகிறது. 517 நானோமீட்டர் அலைநீள ஒளியை அக்கரைசல் எவ்வளவு உறிஞ்சுகிறது என்பதைக் கருவி காட்டிவிடும். மார்ஸ்டன் பிளாய்ஸ் 1958-இல் வெளியிட்ட இம்முறைக்குச் செலவும் நேரமும் குறைவு. ஆயினும் ஒரே மூலிகையை நீரில் ஊறவைத்தால் ஓர் எண், சாராயத்தில் ஊறவைத்தால் வேறு எண். முறை மாறினாலும் முடிவு மாறும்.

ஒரு கனி, மூன்று விடைகள்: திரிபலாவின் மூன்று கனிகளுள் ஒன்றான நெல்லி இதற்குச் சான்று. தகடூர் அதியமான் ஔவைக்கு அளித்ததாகத் தமிழர் போற்றும் இக்கனியின் ஆற்றலுக்கு வைட்டமின் 'சி'யே காரணம் என்று நெடுங்காலம் கருதப்பட்டது. எம்ப்ளிகானின் எனப்படும் டானின் சேர்மங்களே காரணம் என்று ஷிப்நாத் கோசல் குழுவினர் 1996-இல் கூறினர். ஆற்றலில் 45 முதல் 70 சதவீதம் வரை வைட்டமின் 'சி'யால் வருவதாக இத்தாலிய ஆய்வாளர்கள் 2006-இல் தெரிவித்தனர். வைட்டமின் 'சி' என்று கணக்கிடப்பட்டதில் வேறு காலிக் அமிலச் சேர்மங்களும் கலந்திருந்ததாகப் பெங்களூரின் சமி லேப்ஸ் ஆய்வாளர்கள் 2009-இல் எழுதினர். நன்கறிந்த நெல்லிக்கே இந்த நிலை.

அமெரிக்கா கைவிட்ட பட்டியல்: உணவுப் பொருள்களின் ஆக்சிஜனேற்றத் தடுப்பு மதிப்பை வரிசைப்படுத்திய 'ஓராக்' பட்டியலை அமெரிக்க வேளாண் துறை 2012-இல் திரும்பப் பெற்றது. நிறுவனங்கள் அந்த எண்களை விளம்பரத்துக்குத் தவறாகப் பயன்படுத்தியதையும், அவை மனித உடல்நலத்துடன் தொடர்புடையவை என்பதற்குச் சான்று இல்லாததையும் அத்துறை காரணமாகக் காட்டியது. அதற்கு முன்பே, பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரிடம் நடந்த சோதனையின் முடிவு 1994-இல் வெளியானது. ஆக்சிஜனேற்றத் தடுப்பானான பீட்டா கரோட்டின் மாத்திரை உட்கொண்டோரிடம் நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை. 18 சதவீதம் கூடியிருந்தது.

விதி போன கதை: ஆயுர்வேத, சித்த, யுனானி மருந்து விளம்பரங்களுக்கு மாநில உரிம அதிகாரியின் முன் அனுமதி வேண்டும் என்ற 170-வது விதி, 2018 டிசம்பரில் மருந்து விதிகளில் சேர்க்கப்பட்டது. 2024 ஜூலையில் ஆயுஷ் அமைச்சகம் அதை நீக்கியது. இந்திய மருத்துவச் சங்கம் தொடுத்த பதஞ்சலி விளம்பர வழக்கில், அந்நீக்கத்துக்கு உச்ச நீதிமன்றம் அடுத்த மாதமே தடை விதித்தது. 2025 ஆகஸ்டில் வழக்கு முடித்து வைக்கப்பட்டபோது தடையும் விலகியது.

சட்டமே இல்லை என்று கூறுவதற்கில்லை. 1954-ஆம் ஆண்டின் மாய மருந்து விளம்பரத் தடைச் சட்டம் உள்ளது. தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க, 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இடமளிக்கிறது. ஆனால் இவை விளம்பரம் வெளியான பின்னரே பாய்பவை. அதற்குள் நீரிழிவு நோயாளி ஒருவர் மருத்துவர் தந்த மாத்திரையை நிறுத்திவிட்டுச் சாற்றை நம்பத் தொடங்கியிருக்கலாம்.

உரிமம் வழங்குவது ஒரு மாநிலம். பொருள் விற்பனையாவதோ நாடு முழுவதும். ஆனேக்கல்லில் நிரப்பப்படும் குப்பி அத்திப்பள்ளியைக் கடந்தால் தமிழகம். ஆகவே, தாவரத்தின் எந்தப் பகுதி, எதில் ஊறவைத்தது, எம்முறையில் அளந்தது, மனிதரிடம் சோதித்ததா என்ற நான்கு விவரங்களையும் எண்ணுடன் சேர்த்தே அச்சிட வேண்டும் என்று மத்திய அரசு கட்டாயமாக்கலாம். நேர்மையாக அளக்கும் ஆய்வகத்துக்கும், பரம்பரை மருத்துவத்துக்கும் அதனால் இழப்பு ஏதுமில்லை.