லாரி வரிசையும் புளியங்கொட்டைக் கணக்கும்

குருவிநத்தம், பாகூர் பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கரும்பு லோடு புதிதல்ல. ஆலையிலிருந்து வெட்டு உத்தரவு வந்த பிறகுதான் வயலில் ஆள் இறங்கும். எல்லாரும் ஒரே நாளில் வெட்டி ஏற்றிக்கொண்டு போனால் என்ன ஆகும்? ஆலை வாசலில் டிராக்டர்கள் தேங்கி நிற்கும். வெட்டிய கரும்பு காயக் காய எடை குறையும், சர்க்கரைச் சத்தும் குறையும். அதனால்தான் யார் எந்த நாளில் வெட்டுவது என்று ஆலை முன்கூட்டியே பிரித்துக் கொடுக்கிறது. பெரிய பெரிய துறைமுகங்களுக்கும் இதே தலைவலி உண்டு.

சென்னைத் துறைமுகத்தை எடுத்துக்கொள்வோம். 1881 முதல் இயங்கும் பழைய துறைமுகம் அது. கன்டெய்னர்களுக்கென்றே தனி முனையம் 1983-இல் வந்தது. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் நெருக்கமான நகரம். கன்டெய்னர் லாரிகள் திருவொற்றியூர், காசிமேடு வழியாக வந்து 'ஜீரோ கேட்' என்ற வாசலில் நுழைய வேண்டும். அந்த வரிசை பல கிலோமீட்டர் நீண்டு, ஓட்டுநர்கள் ராத்திரி முழுக்கச் சாலையிலேயே காத்துக்கிடந்த காலம் உண்டு.

வாசலில் அப்படி என்ன வேலை? ஓட்டுநர் யார், எந்த லாரி, எந்தப் பெட்டி, அதன் சீல் உடையாமல் இருக்கிறதா, சுங்கத்துறைக் காகிதங்கள் சரியா என்றெல்லாம் பார்க்க வேண்டும். அடுத்த முறை கடலூர் சாலையில் கன்டெய்னர் லாரி போனால் பெட்டியின் கதவைக் கவனியுங்கள். நான்கு ஆங்கில எழுத்துகள், ஆறு எண்கள், அவற்றை அடுத்து இன்னும் ஓர் எண் இருக்கும். இந்தக் கடைசி எண், முன்னால் உள்ள எழுத்துகளையும் எண்களையும் வைத்துக் கணக்குப் போட்டு எடுக்கப்பட்டது. யாராவது ஓர் எண்ணைத் தப்பாகக் குறித்துக்கொண்டால் கணக்கு இடிக்கும். தப்பு அநேகமாக அங்கேயே பிடிபட்டுவிடும்.

வாசலில் நடக்கும் இந்த எல்லாச் சோதனைக்கும் சேர்த்து ஒரு லாரிக்குச் சராசரியாக 3 நிமிடம் ஆகிறது என்று வையுங்கள். மணிக்கு 20 லாரிகளை உள்ளே விடலாம். அப்படியானால் மணிக்கு 19 லாரி வந்தால் வரிசையே இருக்காது அல்லவா? அங்கேதான் வேடிக்கை.

லாரிகள் மணி அடித்தாற்போல் சீராக வருவதில்லை. கப்பல் வரும் நாளில் மொத்தமாக வரும். இன்னொரு வேளையில் ஒன்றுகூட வராது. சோதனையும் ஒருவருக்குச் சட்டென்று முடியும்; காகிதம் குறைந்தால் இன்னொருவருக்கு இழுக்கும். இப்படி ஒழுங்கில்லாமல் வருவதற்கும் ஒரு கணிதம் உண்டு. டென்மார்க்கில் கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் வேலை பார்த்த ஆக்னர் எர்லாங் 1909-இல் வெளியிட்ட கட்டுரை அதற்கு வழி திறந்தது. தொலைபேசி அழைப்புகளுக்காக அவர் தொடங்கிய கணக்கு லாரிகளுக்கும் பொருந்துகிறது.

நம் வாசலுக்கு அந்தக் கணக்கைப் போட்டால், மணிக்கு 10 லாரி வரும்போது ஒரு லாரி வந்து சேர்ந்து உள்ளே போக சராசரியாக 6 நிமிடம் ஆகும். 18 லாரி வந்தால் 30 நிமிடம். 19 வந்தால் 60 நிமிடம்! ஒரே ஒரு லாரி கூடியதற்கு நேரம் இரண்டு மடங்காகிவிட்டது. காரணம் இதுதான்: லாரி வராத நேரத்தில் வாசல் சும்மா இருக்கிறதே, அந்த நிமிடங்களைச் சேமித்துவைத்துக் கூட்டம் வரும்போது செலவழிக்க முடியாது. வீணானது வீணானதுதான்.

இதற்கு உலகத் துறைமுகங்கள் பல வழிகளைப் பிடித்திருக்கின்றன. பல இடங்களில் ஓட்டுநர் முன்பே நேரம் பதிவு செய்துகொண்டு வருகிறார். அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ், லாங் பீச் துறைமுகங்களில் 2005-இல் இரவு வேளையிலும் வாசலைத் திறந்துவைத்து, பகலில் வருகிறவர்களுக்குத் தனிக் கட்டணம் வைத்தார்கள். கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. சிங்கப்பூரில் கேமராவே பெட்டி எண்ணைப் படித்துவிடுகிறது. 25 விநாடியில் லாரி உள்ளே போய்விடலாம்.

சென்னையில் மதுரவாயலிலிருந்து துறைமுகம் வரை பறக்கும் சாலைக்கு 2009-இல் அடிக்கல் நாட்டினார்கள். வேலை நடுவில் நின்றது. பிறகு ஈரடுக்குச் சாலையாக மாற்றி, 2022-இல் மறுபடி அடிக்கல் நாட்டினார்கள். சாலை நல்லதுதான். ஆனால் சாலை மட்டும் போதாது. லாரி வேகமாக வந்து சேர்ந்தும் வாசல் மெதுவாக இருந்தால் கூட்டம் வாசலில் நிற்கும். வாசல் வேகமாகி, உள்ளே பெட்டியை இறக்கும் கிரேன் மெதுவாக இருந்தால் கிரேனடியில் நிற்கும்.

லாரிகள் ஒழுங்கில்லாமல் வருவதால்தான் வரிசை வளர்கிறது என்பதில் நம்பிக்கை வரவில்லையா? ஒரு தாயக்கட்டையும் கை நிறையப் புளியங்கொட்டையும் எடுங்கள். 1 முதல் 6 வரை புள்ளி உள்ள கட்டையாக இருக்கட்டும். கொட்டைதான் லாரி. ஒவ்வொரு சுற்றிலும் கட்டையை உருட்டி, விழுந்த எண்ணுக்குக் கொட்டை வையுங்கள். பிறகு வாசல் வழியாக 4 கொட்டைகளை வெளியே எடுங்கள். குறைவாக இருந்தால் இருப்பதை எடுங்கள். மிச்சம் எத்தனை என்று எழுதிக்கொண்டு 30 சுற்று ஆடுங்கள்.

அடுத்து, கட்டை வேண்டாம். ஒரு சுற்றுக்கு 3, மறு சுற்றுக்கு 4 என்று மாற்றி மாற்றி வையுங்கள். இரண்டு ஆட்டத்திலும் சராசரி வரத்து மூன்றரைதான். ஆனால் இரண்டாவது ஆட்டத்தில் ஒரு கொட்டைகூட மிஞ்சாது. முதல் ஆட்டத்தில் எத்தனை மிஞ்சியது? அதைக் குறைக்க, வாசலில் 4-க்குப் பதில் 5 கொட்டை எடுப்பது நல்லதா, 5, 6 விழும்போது கூடுதல் லாரிகளை அடுத்த சுற்றுக்கு வரச் சொல்லிவிடுவது நல்லதா? இரண்டையும் ஆடிப் பார்த்து, எதற்குச் செலவு குறைவு என்று வகுப்பில் வாதாடுங்கள்.