பிரேக் போட்டாச்சு... வண்டி ஏன் நிக்கலை?

உங்க பாட்டிகூடப் பிறந்தவங்க எத்தனை பேர்? ஆறு, ஏழு? உங்ககூட? மிஞ்சிப்போனா ஒண்ணு, ரெண்டு. அப்புறமும் நம்ம நாட்டு மக்கள்தொகை ஏன் ஏறிட்டே இருக்கு? 2023-ல சீனாவையே முந்திட்டோம்னு ஐ.நா. கணக்கு சொல்லுச்சே!

முதல்ல 2.1-ங்கிற நம்பரைப் பிடிங்க. ஒரு பெண்ணுக்குச் சராசரியா இத்தனை குழந்தைகள் பிறந்தா, அம்மா, அப்பா இடத்தை அடுத்த தலைமுறை சரியா நிரப்பிடும். அந்த 0.1 எதுக்கு? ஆண் குழந்தைகள் கொஞ்சம் கூடுதலாப் பிறக்கும். சில குழந்தைகள் பெரியவங்களாகும் முன்னே இறந்துடும். அதை ஈடுகட்டத்தான்.

2019-21 தேசியக் குடும்பநல ஆய்வுப்படி பீகார் 3.0, தமிழ்நாடு 1.8, மொத்த இந்தியா 2.0. அதாவது, பிரேக் போட்டாச்சு. ஆனா, ஓடுற ரயில் உடனே நிக்குமா? முன்னாடி கூட்டமாப் பிறந்தவங்க இப்போ பெற்றோர் ஆகுற வயசுல இருக்காங்க. ஆளுக்கு ரெண்டே பெத்தாலும் மொத்தம் எகிறும். இதுக்குப் பேரே 'மக்கள்தொகை உந்தம்'.

இன்னிக்கு சம்பாதிக்கிற வயசுல ஆட்கள் அதிகம், நாட்டுக்கு லாபம். அதே கூட்டம், அதாங்க நாமதான், ஒருநாள் 60-ஐத் தாண்டுவோம். அப்போ உழைக்கிற வயசுக்காரங்க விகிதம் குறைஞ்சிருக்கும். ஜப்பான்ல இப்பவே பத்துல கிட்டத்தட்ட மூணு பேர் 65-ஐத் தாண்டினவங்க. ஆனா, அவங்க வசதியான பிறகுதான் வயசானாங்க. நாம?

அதனால, 'எத்தனை கோடி?'னு மட்டும் கேட்காதீங்க ஃப்ரெண்ட்ஸ். 'எந்த வயசுல எத்தனை கோடி?'னு கேளுங்க. பென்ஷன், ஆஸ்பத்திரி, வேலை எல்லாத்துக்கும் கணக்கு அங்கேதான் ஆரம்பிக்குது!