தேசிக்காயை இனிக்க வைக்கும் பழம்: சீனிக்கு மாற்றாக ஏன் வரவில்லை?

கோப்பிப் பழம்போலச் சிவந்த ஒரு சிறிய பழம். சதையை நாக்கில் நன்றாகப் புரட்டிச் சாப்பிட்டு, விதையைத் துப்பிவிட்டு, பாதித் தேசிக்காயைக் கடித்துப் பாருங்கள். முகம் சுழிக்காது. தேசிக்காய் தோடம்பழம்போல இனிக்கும். அரை மணி நேரத்துக்கு மேலாக இந்த மாற்றம் நீடிக்கும்.

‘அதிசயப் பழம்’ என்று அழைக்கப்படும் இதன் தாவரவியல் பெயர் சின்செபாலம் டல்சிபிகம். மேற்கு ஆபிரிக்காவின் மழைக்காடுகளில் பெரிய மரங்களின் கீழ் வளரும் பற்றை. வன்னிக் காட்டில் உதடு ஒட்ட ஒட்டப் பாலைப்பழம் சாப்பிட்டவர்களுக்கு இதன் உறவினரைத் தெரியும். பாலை, இலுப்பை, சப்போட்டா, இந்தப் பற்றை எல்லாம் ஒரே தாவரக் குடும்பம்.

அந்த மண்ணின் மக்களுக்கு இதில் அதிசயம் எதுவும் இருக்கவில்லை. புளித்த சோள மா உணவுக்கும் புளிப்பேறிய கள்ளுக்கும் முன்பாக ஒரு பழத்தை மெல்லுவது அவர்களின் வழக்கம். 1725இல் பிரெஞ்சுப் பயணி டெ மார்ஷேயும், 1852இல் ஆங்கிலேய மருத்துவர் டானியலும் அதைத்தான் எழுதி வைத்தார்கள். ‘கண்டுபிடித்தவர்கள்’ என்ற பெயர் வழக்கம்போல எழுதியவர்களுக்குப் போனது.

பழம் தேசிக்காயை மாற்றுவதில்லை, நாக்கைத்தான் ஏமாற்றுகிறது. 1968இல் பிரித்தெடுக்கப்பட்ட ‘மிராகுலின்’ என்ற புரதமே காரணம். அது நாக்கில் இனிப்பை உணரும் வாங்கிகளில் போய் ஒட்டிக்கொண்டு சும்மா இருக்கும். புளிப்பு வந்ததும் அந்த வாங்கிகளைத் தூண்டிவிடும். மூளைக்கு இனிப்பு என்ற செய்தி போகும். சூடாக்கினால் புரதம் கெட்டுவிடும் என்பதால் இதைத் தேநீரில் கொதிக்க வைத்துப் பயனில்லை.

சீனி இல்லாத இனிப்பு என்றால் சந்தை சும்மா இருக்குமா? அமெரிக்காவில் ரொபேர்ட் ஹார்வி என்பவர் ‘மிரலின்’ என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். பொஸ்டனில் பிள்ளைகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது, சீனி போட்ட ஐஸ்பழத்தைவிட இந்தப் பழச்சத்துப் பூசிய ஐஸ்பழமே அவர்களுக்குப் பிடித்தது. விற்பனை தொடங்கவிருந்த நேரத்தில், 1974இல், அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் இதனை ‘உணவுச் சேர்க்கை’ என்று வகைப்படுத்தியது. அப்படியென்றால் நீண்டகாலப் பரிசோதனைகள் வேண்டும். அதற்குப் பணம் இல்லாமல் நிறுவனம் மூடப்பட்டது. தன்னைக் காரில் பின்தொடர்ந்தார்கள், அலுவலகக் கோப்புகளைப் புரட்டினார்கள் என்று ஹார்வி பின்னாளில் கூறினார். சீனித் தொழிற்றுறையின் மீது சந்தேகம் எழுந்தாலும் எதுவும் நிரூபிக்கப்படவில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2021இல்தான் உலர்ந்த பழத்தை வளர்ந்தோருக்கான உணவுக் குறைநிரப்பியாக அனுமதித்தது. கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் அது இல்லை.

இணையத்தில் இதனை நீரிழிவு மருந்து என்று விற்பவர்கள் இருக்கிறார்கள். அது பொய். நீங்கள் போடாமல் விட்ட சீனி மட்டுமே இலாபம். மாத்திரையையோ இன்சுலினையோ நிறுத்திவிட்டு இதை நம்புவது உயிருக்கு ஆபத்து. இனிக்கிறது என்று பத்துத் தேசிக்காய் சாப்பிட்டால் பல்லும் வயிறும் அந்தப் புளியைப் புளியாகவே வாங்கிக்கொள்ளும்.

உண்மையான பயன் வேறோர் இடத்தில் இருக்கலாம். புற்றுநோய்க்கு கீமோ சிகிச்சை பெறுகிறவர்களுக்கு எதைச் சாப்பிட்டாலும் வாயில் இரும்பு ருசிக்கும். 2012இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் பழத்தைச் சாப்பிட்டவர்களுக்கு உணவின் சுவை மேம்பட்டது. ஆனால் பங்குபற்றியவர்கள் 8 பேர் மட்டுமே. நம்பிக்கை வைக்கலாம், முடிவு சொல்ல முடியாது. வீட்டில் அப்படியொரு நோயாளி இருந்தால் முதலில் வைத்தியரிடம் கேளுங்கள்.

கன்று வாங்க நினைப்பவர்களுக்கு ஒன்று. இதற்கு அமில மண் வேண்டும். யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்பு மண்ணில் நேரடியாக நட்டால் இலை மஞ்சளாகும், சட்டியில்தான் வளர்க்க வேண்டும். காய்க்க மூன்று நான்கு வருடம் ஆகும். பைக்கற்றில் வரும் காய்ந்த விதையை வாங்காதீர்கள், காய்ந்தால் அது முளைக்காது.