அடிலெய்டு போய் வந்த நம்ம ஊரு நடராஜர்

கல்லிடைக்குறிச்சின்னு சொன்னதும் நமக்கு முதல்ல ஞாபகம் வர்றது அப்பளம்தான். ஆனா அந்த ஊருக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் ஒரு கதை இருக்கு மக்களே!

தெற்கு ஆஸ்திரேலியா மாநிலத்தின் தலைநகரம் அடிலெய்டு. 1881-ல் தொடங்கப்பட்ட அரசு கலைக்கூடம் ஒன்று அங்கே உள்ளது. ஐரோப்பிய ஓவியங்கள், ஆஸ்திரேலியப் பழங்குடியினர் கலை, ஆசியச் சிற்பங்கள் என்று பெரிய சேகரிப்பு. 2001-ல் அந்தக் கலைக்கூடம் ஒரு வெண்கல நடராஜரை விலைக்கு வாங்கியது. அவர் 1982-ல் கல்லிடைக்குறிச்சி குலசேகரமுடையார் கோயிலில் பூட்டை உடைத்துத் திருடப்பட்டவர்!

அரசு கலைக்கூடத்துக்குள்ள திருட்டுச் சிலை எப்படிப் போச்சு?

கலைக்கூடங்களுக்குப் பொருட்கள் நன்கொடையாகவும் வரும், விலைக்கும் வரும். விலைக்கு வாங்கும்போது, அது யார் யார் கைமாறி வந்தது என்று காட்டும் பத்திரங்களைப் பார்ப்பார்கள். தொல்பொருட்களைத் தனியார் யாரும் வெளிநாட்டுக்குக் கொண்டுபோக முடியாதபடி 1972-ல் இந்தியா சட்டம் இயற்றியது. அதனால கடத்தல்காரங்க என்ன செய்வாங்க? அதுக்கு முன்னாடியே சிலை வெளியே போயிட்டதா போலிப் பத்திரம் தயார் பண்ணுவாங்க. ஆஸ்திரேலியத் தலைநகர் கான்பெராவில் உள்ள தேசியக் கலைக்கூடமே இப்படி ஏமாந்திருக்கிறது. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தானில் திருடப்பட்ட நடராஜரை 2008-ல் சுமார் 50 லட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்கி, 2014-ல் திருப்பிக் கொடுத்தது.

சரி, நடராஜர் எல்லாம் ஒரே மாதிரிதானே இருக்கும், நம்மளோடதுன்னு எப்படி நிரூபிக்கிறது?

இங்கதான் நம்ம மேனுஃபேக்சரிங் டெக்னாலஜி பேப்பர் உதவுது. லாஸ்ட் வேக்ஸ் காஸ்டிங் படிச்சிருப்போம்ல? சிலையை முதலில் மெழுகில் செய்து, மேலே மண் பூசி, சூடாக்கி மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த இடத்தில் உலோகத்தை ஊற்றுவார்கள். சிலையை எடுக்க அச்சை உடைத்தே ஆக வேண்டும். அதனால் ஒரு அச்சுக்கு ஒரே சிலைதான். வார்த்த பிறகு உளியால் செதுக்கும் வேலையும் கையால்தான். திருவாசியின் சுடர்கள், ஜடையின் விரிப்பு, சின்னச் சின்ன வார்ப்புக் குறைகள் எல்லாம் அந்தச் சிலைக்கு மட்டுமே உரிய கைரேகை மாதிரி.

ஆனா கைரேகை இருந்தா போதாது, ஒப்பிட்டுப் பார்க்க பழைய பதிவும் வேணும். புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சு நிறுவனம் 1950-களிலிருந்து தமிழகக் கோயில்களைப் படம் எடுத்து வைத்திருக்கிறது. திருட்டுக்கு முன்பே எடுத்த நம்ம நடராஜர் படமும் அதில் இருந்தது. அதனுடன் ஒப்பிட்டதும் சந்தேகம் தீர்ந்தது. 2019 செப்டம்பரில், 37 வருஷம் கழித்து, அவர் ஊர் திரும்பினார்.

அன்னைக்கு அவரோட சேர்த்து இன்னும் மூணு சிலைகளும் திருடு போச்சு. அவை அவரோட திரும்பி வரல.

உற்சவர்களை நாம் பார்ப்பது பெரும்பாலும் பட்டும் மாலையும் சார்த்திய அலங்காரத்தில்தான். அந்த போட்டோவில் அடையாளம் எதுவும் தெரியாது. உங்க ஊர்க் கோயில் சிலைகளுக்கு அலங்காரம் இல்லாத, நாலு பக்கமும் எடுத்த படமும் உயர அளவும் பதிவாகி இருக்கான்னு அடுத்த தடவை ஊருக்குப் போறப்ப நிர்வாகத்துகிட்ட கேட்டுப் பாருங்க. இல்லைன்னா, அனுமதி வாங்கி அந்த வேலையை நாமளே செஞ்சு கொடுக்கலாம்.